களைப்பா, சோம்பலா? நெல்லு மூட்டையும் தூக்கி, கராத்தேயும் செய்யிற உடம்பு

கேள்வி: படுவான்கரையான்

எல்லாருக்கும் வணக்கம். நான் கொக்கட்டிச்சோலைப் பக்கம். வயசு 29, நிறை 68 கிலோ. கோஜு-ரியு கராத்தே பதினொரு வருசமாச் செய்யிறன், இப்ப மண்ணிறப் பட்டி. மண்முனைப் பாலம் திறந்த 2014 இலதான் டோஜோவில (கராத்தே பழகிற இடம்) சேர்ந்தன். அதுக்கு முதல் ஆரையம்பதிக்குப் போறதெண்டால் துறையில பாதைக்கு (ஆளையும் வாகனத்தையும் ஏத்திற மிதவை) காவல் நிக்கோணும். பின்னேர வகுப்பு முடிச்சு வீடு திரும்பிற கதையே இல்ல. பாலம் வந்துதான் எனக்குக் கராத்தே வந்தது.

இன்னும் ஏழு கிழமையில கறுப்புப் பட்டிப் பரீட்சை. போன வருசம் அப்பாட ஒப்பரேசனோட தவறிப்போயிற்று. இந்த முறை விட மனமில்ல. அதால ரெண்டு மாசத்துக்கு முதல் பயிற்சியைக் கூட்டினன். திங்கள், புதன், வெள்ளி டோஜோவில ரெண்டு மணித்தியாலம். செவ்வாய், வியாழன் விடியப்புறம் வாய்க்கால் கட்டால நாற்பது நிமிசம் ஓட்டம். சனிக்கிழமை குமித்தே, அதாவது ஆளோட ஆள் மோதுறது, ஒண்டரை மணித்தியாலம், முழு வேகத்தில. டோஜோவுக்குப் போகவர சைக்கிள்ள ஒரு மணித்தியாலம் பிடிக்கும். ஞாயிறு மட்டும் சும்மா.

முதல் மூண்டு கிழமையும் நல்லா ஏறிச்சு. உதை விழுகிற சத்தத்திலயே தெரியும். பிறகு இறங்கத் தொடங்கினது இன்னும் நிக்கல்ல. இப்ப அஞ்சு கிழமையா மவாஷி கெரிக்கு (சுத்தி அடிக்கிற உதை) கால் தூக்கினால் ஈரச் சாக்கைத் தூக்கிற மாதிரிக் கிடக்கு. என்னைவிட நாலு வருசம் பிந்திச் சேர்ந்த பொடியன் போன சனி நெஞ்சில ரெண்டு தரம் குத்திப்போட்டுப் போறான். கை வாறது எனக்குத் தெரியுது, உடம்பு அசையுதில்ல. சன்சின் காட்டாவில (தனிய நிண்டு செய்யிற அடவு வரிசை) எங்கட குரு, சென்செய், தோளில தட்டிச் சோதிக்கிற நேரம் துடை ரெண்டும் நடுங்குது. அண்டைக்குச் சைக்கிள்ள வரக்குள்ள அழுதுட்டன்.

பத்து மணிக்குப் படுத்தால் மூண்டு மணிக்கு முழிப்பு, பிறகு நித்திரை இல்ல. காலையில எழும்பின கையோட நாடி எண்ணுவன், சென்செய் பழக்கினது. முன்னம் 56, 57 இருக்கும். இப்ப 66 க்குக் கீழ வாறதேயில்ல, சில நாள் 70. ரெண்டு மாசத்தில மூண்டு தரம் தடிமன். மனிசியோட தேவையில்லாமச் சினம். மகளுக்கு மூண்டு வயசு. அவள் விளையாட்டுக்கு முதுகில ஏறினால் தள்ளி விடுறன். அது நடந்த பிறகுதான் இதை எழுதோணும் எண்டு நினைச்சன்.

சென்செய் "ரெண்டு நாள் படு" எண்டார். படுத்தன். மூண்டாம் நாள் உடம்பு இன்னும் கட்டையாப் போய்க் கிடந்தது. அப்ப ஓய்வும் சரிவரல்லத்தானே? முழங்கால்ச் சில்லுக்குக் கீழ நோவும் இருக்கு. சனிக்கிழமையில குமித்தேக்கு முதல் பாமசியில வாங்கின டைக்குளோபினக் குளிசை ஒண்டு போட்டுட்டுத்தான் போறன்.

சாப்பாடு: விடிய வெறுந்தேத்தண்ணி, பத்து மணிக்குப் பாண், மத்தியானம் சோறு கறி, சோத்துக்குப் பிறகும் ஒரு தேத்தண்ணி. ராவைக்கு இருக்கிறது.

என்ட கேள்வி இதுதான். களைப்பு எது, சோம்பல் எது எண்டு எப்பிடிப் பிரிக்கிறது? எங்கட ஊரில உடம்பு முறியாத ஆளில்ல. அப்பா 60 வயசிலயும் வரம்பு வெட்டினவர். நான் ஒரு பரீட்சைக்குப் பழகிறதுக்கே ஏலாது எண்டு நிண்டால் அதுக்கு என்ன பேர்?

வேலையைப் பற்றிச் சொல்ல மறந்திட்டன். வயல்தான். இப்ப சிறுபோக நெல்லு வெட்டு. மெசின் வெட்டிக் கொட்ட, நாங்க சாக்கில கட்டி ஏத்துறது. கிழமையில மூண்டு நாள், நாளைக்கு நாலு மணித்தியாலம். மூட்டை 65 கிலோ வரும். அது சின்ன வயசில இருந்து பழகின வேலை, அதால பிரச்சினை இல்ல.

—

பதில்: காரைதீவு மாஸ்டர்

தம்பி, நீங்க மறந்துபோய்க் கடைசியில எழுதின பந்தியைத்தான் நான் ரெண்டு தரம் வாசிச்சன்.

22 வருசமாக் கராத்தே படிப்பிக்கிறன். என்னட்ட வாறவங்கள் கடலுக்குப் போற பொடியன்கள், மேசன் வேலை செய்யிறவங்கள், கடையில நாள் முழுக்க நிக்கிறவங்கள். ஆரம்பத்தில ஒரு பொடியன் இருந்தான். கரைவலை இழுக்கிற குடும்பம். விடியப்புறம் வலை இழுத்துப்போட்டுப் பின்னேரம் வகுப்புக்கு வருவான். வந்தால் மந்தமா நிப்பான். எனக்கு அப்ப வயசு காணாது, எல்லாருக்கும் முன்னால "உனக்குச் சோம்பல்" எண்டு ஏசிப்போட்டன். அவன் ஒண்டும் பேசல்ல. அடுத்த கிழமையில இருந்து வரவும் இல்ல. அவனைப் போலக் கால் நிலத்தில ஊண்டி நிண்ட ஆளை நான் பிறகு காணல்ல. இண்டைக்கும் அது என்ட மனசில கிடக்கு. அதுக்குப் பிறகு வகுப்புத் தொடங்க முதல் ஒவ்வொருத்தரிட்டயும் இண்டைக்கு என்ன வேலை செய்த எண்டு கேட்டுத்தான் வரிசையில விடுவன்.

பழகின வேலை எண்டால் மனசுக்குப் பாரமில்ல, சரி. ஆனா முதுகும் துடையும் அந்த 65 கிலோவை ஒவ்வொரு தரமும் புதுசாத்தான் தூக்குது.

நான் உங்கட சென்செய் இல்ல, அவரிட்டக் கேளுங்க. என்னட்ட நீங்க நிண்டால் நான் செய்யிறது இது. ஓட்டம் ரெண்டு நாளையும் அடியோட விடுறது. மூட்டை தூக்கின ஒருத்தனுக்கு நாற்பது நிமிச ஓட்டத்தால வரப்போற லாபம் ஒண்டுமில்ல. குமித்தே ஒரு கிழமை விட்டு ஒரு கிழமை. மூட்டை நாளில குதிக்கிறது, இறுக்கிறது எதுவும் வேணாம்; பின்னேரம் வீட்டில அரை மணித்தியாலம் டென்ஷோ மட்டும், மெதுவா.

டென்ஷோ எண்டு சும்மா சொல்லல்ல. மியாகி சோஜுன் (1888–1953) தன்ட குரு ஹிகாஒன்னா கன்ரியோவிட்டப் படிச்சது சன்சின், இறுக்கிற காட்டா. டென்ஷோவை அவரே அமைச்சார். திறந்த கை, சுத்தி வாற மணிக்கட்டு, மூச்சு இழுத்து விடுறது. பரீட்சை எண்டதும் நாங்க சன்சினைத்தான் இறுக்கி இறுக்கிப் பழகுவம். டென்ஷோவைக் கடைசியில ரெண்டு தரம் செய்துபோட்டு வணக்கம் சொல்லிப் போயிருவம். நானும் பல வருசம் அப்பிடித்தான் செய்தன். பாதிப் பாடத்தை விட்டதுக்குச் சமன்.

களைப்பா சோம்பலா எண்டதுக்கு என்னட்ட ஒரு சோதனை இருக்கு. பதினைஞ்சு நிமிசம் உடம்பு சூடாக்குங்க, இலேசா, நேர்மையா. அதுக்குப் பிறகு உடம்பு திறந்து குடுத்தால் அது சோம்பல், தொடருங்க. பதினைஞ்சு நிமிசத்துக்குப் பிறகும் கால் பாரமாக் கிடந்தால், இல்லாட்டிக் கூடினால், பட்டியைக் கழட்டி மடிச்சு வைச்சிட்டுப் போங்க. அண்டைக்கு அதுக்கு மேல படிக்க ஒண்டுமில்ல.

—

பதில்: மட்டுநகர் பிசியோ

நான் பிசியோதெரபிஸ்ட். நேரில் பார்க்காமல் உங்கள் முழங்காலுக்குப் பெயர் வைக்க மாட்டேன். ஆனால் நீங்கள் எழுதியதில் கணக்குப் போட முடிந்த ஒன்று இருக்கிறது.

விளையாட்டு வீரர்களின் பாரத்தை அளக்க ஒரு எளிய முறை உண்டு. பயிற்சி எத்தனை நிமிடம், அது எவ்வளவு கடினமாக இருந்தது என்று 0 முதல் 10 வரை நீங்களே கொடுக்கும் புள்ளி, இரண்டையும் பெருக்குவது. புள்ளிகளை நான் ஊகித்திருக்கிறேன், நீங்கள் திருத்திக்கொள்ளுங்கள். டோஜோ 120 நிமிடம், புள்ளி 7, மூன்று நாள்: 2520. ஓட்டம் 40 நிமிடம், புள்ளி 5, இரண்டு நாள்: 400. குமித்தே 90 நிமிடம், புள்ளி 9: 810. ஆகப் பயிற்சி 3730.

இனி நீங்கள் கணக்கில் எடுக்காதது. மூட்டை 240 நிமிடம், புள்ளி 6 என்றே வைப்போம், மூன்று நாள்: 4320. சைக்கிள் 60 நிமிடம், புள்ளி 3, நான்கு நாள்: 720. ஆகமொத்தம் 8770. பயிற்சியைவிட வேலைதான் கூட. இந்த இலக்கத்தை வேறு ஆளோடு ஒப்பிடக் கூடாது; உங்கள் போன கிழமையோடு இந்தக் கிழமையை ஒப்பிடத்தான். வெட்டுத் தொடங்க முதல் இருந்த ஒரு கிழமைக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள். முதல் மூன்று கிழமை நல்லா ஏறினது என்று எழுதியிருக்கிறீர்கள். அப்போது மூட்டை இருந்ததா?

இரண்டு நாள் படுத்தும் சரிவராதது ஓய்வின் பிழையல்ல. இரண்டு மாதமாக ஏறின களைப்பு இரண்டு நாளில் இறங்காது. சில கிழமைகள் குறைத்தால் தெளிகிற நிலை ஒன்று, மாதக்கணக்கில் இழுபடுகிற நிலை இன்னொன்று. நீங்கள் முதலாவதில் இருக்கும்போதே நிற்பாட்டுவது நல்லது. நாடி பத்துத் தட்டுக் கூடி அப்படியே நிற்பது, நித்திரை முறிவது, அடிக்கடி தடிமன், சினம், எல்லாம் சேர்ந்து வந்திருப்பதால்தான் சொல்கிறேன். நாடி மட்டும் என்றால் இவ்வளவு எழுத மாட்டேன்.

ஆனால் இதே குறிகள் வேறு காரணங்களுக்கும் வரும். இரத்தச்சோகை, தைரொய்ட், உள்ளே கிடக்கிற ஒரு தொற்று. அதனால் பக்கத்து ஆஸ்பத்திரியில் ஒரு இரத்தப் பரிசோதனை செய்யுங்கள். இதைத் தள்ளிப் போடாதீர்கள்.

டைக்குளோபினக் பற்றி நான் கடுமையாகவே சொல்கிறேன். நோவு ஒரு காவல்காரன், அவனை நித்திரையாக்கிப்போட்டுச் சண்டைக்குப் போகிறீர்கள். அதைவிடப் பெரிய பயம் சிறுநீரகம். கச்சான் காற்றில், அந்தச் சூடான வரண்ட காற்றில், நாலு மணித்தியாலம் வியர்த்து, தண்ணீர் குறைந்த உடம்பில் அந்தக் குளிசை சிறுநீரகத்துக்குப் போகிற இரத்தத்தைக் குறைக்கும். அம்பாறை மாவட்டத்தின் சில பகுதிகள் உட்பட உலர் வலயத்தில் வயல் செய்கிற ஆட்களுக்கு, காரணம் முழுதாகத் துலங்காத சிறுநீரக நோய் இருப்பது உங்களுக்கும் தெரியும். இன்னும் பாரம் ஏற்ற வேண்டாம். காய்ச்சல் நேரம் தொடவே கூடாது. டெங்கு என்றால் இரத்தக் கசிவுக்கு வழி விடும். பயிற்சிக்குப் பிறகு சிறுநீர் தேத்தண்ணி நிறத்தில் போனால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

சாப்பாட்டில் புரதம் காணாது. உங்கள் நிறைக்கு ஒரு நாளைக்கு 110 கிராம் அளவில் பிடிக்கலாம். ஒரு முட்டையில் 6 கிராம், 100 கிராம் மீனில் 20 கிராம் அளவு. காலையில் வெறுந்தேத்தண்ணிக்குப் பதிலாக இரண்டு முட்டையும் பயறும், மத்தியானம் மீன் கூட, இரவு எருமைத் தயிர். புரத மா டப்பா வாங்கத் தேவையில்லை.

பரீட்சைக்கு முந்திய இரண்டு கிழமையும் பயிற்சி நேரத்தைப் பாதியாக்குங்கள், வேகத்தைக் குறைக்க வேண்டாம். கொஞ்ச நேரம், கூர்மையாக. அந்த நேரம்தான் உடம்பு சேர்த்து வைத்ததைத் திருப்பித் தரும்.

—

பதில்: அக்கரைப்பற்று சீனடி

மகன், நான் சீனடி, சிலம்படி எண்டு எங்கட பழைய தற்காப்புக் கலை பழக்கிற ஆள். எங்கட வாப்பாக்கிட்டப் படிச்சது. மாஸ்டரும் அந்த பிசியோப் புள்ளயும் சொன்னதில எனக்கு ஒண்டு மட்டும் ஒத்துவரல்ல. ஓட்டத்தை விடச் சொன்னது சரி. ஆனா படுக்கக் கூடாது. நீங்க ரெண்டு நாள் படுத்ததுதான் கட்டையாப் போனதுக்குக் காரணம். மூட்டை தூக்கின ஆள் திடீரெண்டு பாயில கிடந்தா நாரெல்லாம் இறுகிப் போகும்.

எங்கட வழக்கத்தில ஓய்வு நாளெண்டா அசருக்கு (பின்னேரத் தொழுகை) பிறகு கடற்கரையில மணலால மெதுவா நடக்கிற, கம்பைப் பாரமில்லாமச் சுத்துற, வந்து நல்லெண்ணெய் தேச்சு இளஞ்சுடுதண்ணியில குளிக்கிற. வியர்வை கூடப் போகக் கூடாது. பேசிக்கிட்டு நடக்க ஏலுமான அளவுதான். எண்ணெய் தேய்க்கிற நேரம் நோவிருக்கிற இடத்தைப் போட்டு அமத்த வேணாம், சுத்தியுள்ள இடத்தைத் தேய்ங்க.

நோம்பு மாசத்தில நான் பட்ட பாடு ஒண்டு சொல்றன். 35 வயசில, நோம்போட அசர் நேரம் வேகக் கம்பு சுத்தினன். மனவுறுதி எண்டு நினைச்சன். பதினெட்டாம் நோம்பில கெண்டைக்கால் அறுந்த மாதிரி ஒரு சத்தம். அஞ்சு மாசம் நொண்டினன். பெருநாளைக்குப் பள்ளிக்கு மகனுட தோளைப் புடிச்சிட்டுப் போனன். இப்ப நோம்பில தராவீஹுக்கு (நோம்பு ராத் தொழுகை) பிறகு முக்கால் மணித்தியாலம், காலடி மட்டும். அந்த மாசம் எடுக்கிற மாசமில்ல, காக்கிற மாசம். வெட்டு மாசத்தையும் நீங்க அப்பிடி நினைங்க.

வயலுக்குப் போகக்குள்ள ஜீவனி (தண்ணியில கரைச்சுக் குடிக்கிற உப்புத் தூள்) ரெண்டு பக்கெட் கொண்டு போங்க. இந்தக் காத்துக்கு வெறும் தண்ணி மட்டும் காணாது.

—

பதில்: மட்டுநகர் பிசியோ

நானா சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். படுத்தே கிடப்பதைவிட இலேசாக அசைவது நல்லது. நான் அதை எழுதியிருக்க வேண்டும்.

—

பதில்: களுவாஞ்சிகுடி தங்கச்சி

அக்கா, இடையில கேட்கிறதுக்கு மன்னியுங்க. எனக்கு 18. ஏ/எல் படிச்சுக்கொண்டு போட்டிக்கும் பழகிறன். நிறைப் பிரிவுக்காகச் சாப்பாட்டைக் குறைச்சன். மூண்டு மாசமா மாதவிடாய் வரல்ல. பயிற்சி செய்தால் அப்பிடி நிக்கிறது வழமைதான் எண்டு கூட்டாளிகள் சொல்றாங்க.

—

பதில்: மட்டுநகர் பிசியோ

வழமை இல்லை தங்கச்சி. செலவழிக்கிற அளவுக்கு உடம்புக்குச் சாப்பாடு கிடைக்கவில்லை என்பதற்கு அது அடையாளமாக இருக்கலாம். அப்படியே விட்டால் எலும்பு பலம் குறையும், வெடிப்பு வரும். மூன்று மாதம் என்றால் அம்மாவிடம் சொல்லி இந்தக் கிழமையே டொக்டரிடம் போங்கள். நிறைப் பிரிவை ஒரு படி மேலே மாற்றலாமா என்று மாஸ்டரிடம் கேளுங்கள். இரவு எட்டு மணித்தியாலமாவது நித்திரை வேண்டும். ரியூசன் முடிந்து வந்து பதினொரு மணிக்குப் படித்து, நாலு மணிக்கு எழும்பி ஓடுகிற பழக்கம் இருந்தால் ஓட்டத்தை விடுங்கள்.

—

பதில்: படுவான்கரையான் (16 நாளைக்குப் பிறகு)

மாஸ்டர், அக்கா, நானா, மூண்டு பேருக்கும் நன்றி. எழுதப் பிந்தினதுக்குக் காரணம், செய்து பார்த்துப்போட்டு எழுதுவம் எண்டு இருந்தன்.

அக்கா கேட்ட கேள்விக்கு முதல் மறுமொழி. முதல் மூண்டு கிழமையும் மூட்டை இல்ல. வெட்டுத் தொடங்கினது நாலாம் கிழமை. நான் அதைக் கலண்டரில பார்த்துத்தான் கண்டு பிடிச்சன். பக்கத்தில இருந்த மனிசி, இது எனக்கு அப்பவே தெரியும் எண்டாள்.

இரத்தம் சோதிச்சன். ஹீமோகுளோபின் 11.4. ஆம்பிளைக்கு 13 க்கு மேல இருக்கோணுமாம். டொக்டர் முதல் கேட்டது, வயலுக்கு வெறுங்காலோடயா போற எண்டு. ஓம் எண்டன். கொக்கிப்புழு கால் தோலால உள்ளுக்குப் போய் குடலில இருந்து இரத்தம் குடிக்குமாம். பூச்சி மருந்தும் இரும்புக் குளிசையும் தந்தார். சோத்துக்குப் பிறகு தேத்தண்ணி குடிக்க வேணாம், சாப்பாட்டில இருக்கிற இரும்பைத் தேயிலை உடம்பில சேர விடாது எண்டும் சொன்னார். பதினொரு வருசமா மூச்சையும் நிலையையும் மட்டும் பார்த்த எனக்கு இது ஒருத்தரும் சொல்லாத விசயம். நெல்லு ஏத்திற ஆட்கள் எல்லாருக்கும் சொல்லிக்கொண்டு திரியிறன். இரத்தம் ஏற மாசக்கணக்கு எடுக்குமாம், அதால பரீட்சைக்கு அது முழுசா உதவாது. பரவாயில்ல.

சென்செய்யிட்டப் போய் மூட்டைக் கதையைச் சொன்னன். அவர் கனநேரம் பேசாம இருந்தார். பிறகு "நீ வயல் வேலையெண்டு தெரியும், மூட்டை நீதான் ஏத்துற எண்டு தெரியாது" எண்டார். பதினொரு வருசத்தில நான் சொல்லவும் இல்ல, அவர் கேட்கவும் இல்ல. ஓட்டத்தை நிப்பாட்டச் சொன்னார். புதன் வகுப்பில எனக்கு மட்டும் ஒரு மணித்தியாலம். மிச்ச நேரம் சின்னப் பிள்ளைகளுக்குக் காலடி பார்க்க விடுறார். அவங்களுக்குச் சொல்லிக் குடுக்கிற நேரம் என்ட சன்சினில மூண்டாம் அடி குறுகி விழுகிறதைக் கண்டன்.

மூட்டையை மூண்டு நாளில இருந்து ஒரு நாளாக்கினன். மற்ற ரெண்டு நாளும் மச்சான் ஏத்துறான், கூலி குடுக்கிறன். காசு கஷ்டம்தான், ஆனா மனிசியே வேணுமெண்டு சொன்னாள். மூட்டை நாளில பின்னேரம் டென்ஷோ, மாஸ்டர் சொன்னபடி. ஞாயிறு நானா சொன்ன மாதிரி வாவிக் கரையால நடை. எங்களுக்குக் கடல் தூரம்.

நாடி இண்டைக்குக் காலை 61. நித்திரை இன்னும் ஒழுங்கில்ல, ஆனா நாலரை வரைக்கும் கிடக்கிறன். முழங்காலை ஒரு பிசியோவிட்டக் காட்டினன். சில்லுக்குக் கீழ உள்ள நாராம். இருக்கிறதுக்கும் எழும்புறதுக்கும் ஒரு பயிற்சி தந்திருக்கிறா, சுவரில சாய்ஞ்சு அசையாம நிக்கிறது. அது சுகமாகிற வேகம் தசையைவிட மெதுவாம். பரீட்சைக்கு முழுசா மாறாது எண்டு நேராச் சொன்னா. எந்த அளவு நோ வந்தால் தொடரலாம், எந்த அளவில நிப்பாட்டோணும் எண்டு பத்துக்குப் புள்ளி போட்டுக் காட்டினா. மூண்டுக்கு மேல போகக் கூடாதாம், அடுத்த நாள் விடியக்குள்ள பழைய அளவுக்கு இறங்கியிருக்கோணுமாம்.

தங்கச்சி, நீங்க டொக்டரிட்டப் போனீங்களா? போயிருந்தால் ஒரு சொல் எழுதுங்க.

இன்னும் 33 நாள். இந்தச் சனி குமித்தே இருக்கு, ரெண்டு கிழமைக்குப் பிறகு முதல் தரம். குளிசை போடாமப் போறன்.